இரண்டு சேதுராமனும் நாகஜோதியின் மூன்றாம் வருஷமும்

நாகஜோதி என்ற பேரைச் சரசு முதன்முதலில் கேட்டது அரிசி களைந்துகொண்டிருந்தபோது. அரபு நாட்டு அஜ்மானில் ஒரு ஸ்கூல் பஸ் கம்பெனி, தன்னிடம் வேலை பார்க்கும் ஆயாக்களுக்கென்று ஒரு கட்டடத்தில் இரண்டு மாடி எடுத்துவைத்திருந்தது. லேடீஸ் கேம்ப் என்று பேர். அங்கே இருபத்தாறு வருஷமாகச் சரசுதான் சமையல். புதிதாக ஆள் வந்தால் மலையாளத்து வார்டன் சமையலறை வாசலில் வந்து நின்று பேர் படிப்பாள். எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று சரசுவுக்குத் தெரிய வேண்டுமே.

அன்றைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது பேர், "நாகஜோதி கார்மேகம்."

சரசு களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே நின்றாள். பாஸ்போர்ட்டில் தகப்பன் பேரையும் சேர்த்து அச்சடிக்கிறார்களே, இந்த நாட்டுக்கு வந்த பிறகு சரசுவுக்கு ரொம்பப் பிடித்துப்போன சங்கதி அதுதான். ஊரில் ஒற்றை எழுத்தோடு முடிந்துபோகும். இங்கே முழுசாக வந்து நிற்கும். சரசு படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் யார் மகன், யார் மகள், எந்த வீட்டில் கொண்டான், எந்த வீட்டில் கொடுத்தான் என்று கேட்டால் ராமநாதபுரம் ஜில்லாவில் பாதியை உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடுவாள்.

"எந்தக் கார்மேகம் மக நீ? கமுதிப் பக்கமா, முதுகுளத்தூரா?"

வார்டனுக்குப் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் முப்பத்து நாலு வயசுக்காரி. மெலிந்த உடம்பு, பயணக் களைப்பு. "முதுகுளத்தூருங்க."

"ஆட்டுச் சந்தையில தரகு பாத்தாரே, இடது காது மடல்ல ஒரு நறுக்கு இருக்குமே, அவரா?"

நாகஜோதி பெட்டியைக் கீழே வைத்தாள். "எங்க அப்பாதான். காதுல இருக்கு, ஆமா."

"அப்ப நான் ஒனக்கு அத்த முறை. எங்க பெரியப்பா மகனும் ஒங்கப்பாவும் ஒரே வீட்டுல பொண்ணெடுத்தவுக. சகலப்பாடி. சோறு தின்னுட்டுத்தான் மேல போகணும், பெட்டிய அங்கயே வையி."

அன்றைக்கு ஆரம்பித்த உறவு அது.

நாகஜோதிக்கு ஊரில் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இவள் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலைக்கு வந்தாள். விடியுமுன் எழுந்து, பச்சைச் சட்டை போட்டு, பஸ்ஸில் ஏறி, வீடு வீடாகப் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி, பெல்ட் மாட்டி, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டும். எல்லாரும் இறங்கி டிரைவர் வண்டியை நிறுத்தியதும் ஒரு மணி அலறும். ஆயா ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசி வரைக்கும் நடந்துபோய் அங்கே இருக்கும் பித்தானை அமுக்கினால்தான் அலறல் நிற்கும். தூங்கிப்போன பிள்ளை எதுவும் வண்டியிலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நாகஜோதி பித்தானை அமுக்கிவிட்டுத் திரும்பி வரும்போது கையில் ஒரு தண்ணீர்க் குடுவை, ஒற்றைக்கால் ஷூ, பாதி தின்ற பிஸ்கட் என்று ஏதாவது இருக்கும். பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்குள் போய்க் கதவு சாத்தியிருக்கும். அவள் கதவுக்கு வெளியே அந்த ஷூவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"உள்ள என்ன செய்றாங்கன்னு பாக்கணும் போல இருக்கும் அத்த," என்று ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "நானும் அதுக்குத்தான் படிச்சேன்."

அப்போதுதான் சரசுவுக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பரமக்குடிப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் மழலையர் கல்வி டிப்ளமோ படித்திருக்கிறாள். மேற்கொண்டு டிகிரியில் சேரப் போனபோது, அந்தப் படிப்பைக் கணக்கில் எடுக்க முடியாது, முதலிலிருந்து வா என்றார்கள். முதலிலிருந்து வருவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. பிறகு மகள். தபாலில் படிக்கலாமென்று ஒரு தரம் பணம் கட்டினால், பரீட்சை வைத்த நாளில் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அப்படியே கிடந்த படிப்பு. ஆனாலும் சர்டிபிகேட்டை மட்டும் விடவில்லை. இங்கே வரும்போது அதற்கு எங்கெங்கே முத்திரை வாங்க வேண்டுமோ அங்கெல்லாம் வாங்கி, பின்பக்கம் இடமில்லாத அளவுக்குச் சீல் குத்திக் கொண்டுவந்திருந்தாள்.

மார்ச்சில் ஒருநாள் மழை கொட்டியது. அஜ்மானில் மழை பெய்தால் தெருவெல்லாம் குளம். நாகஜோதி இருந்த பஸ், கேஜி பிள்ளைகள் இருபத்தேழு பேரோடு ஒரு ரவுண்டானாவில் ஒன்றரை மணி நேரம் சிக்கிக்கொண்டது. கேஜி பிரிவுக்குப் பொறுப்பான ஆமிரா டீச்சர் பதறிக்கொண்டு காரை எங்கேயோ விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து பஸ் கண்ணாடியில் எட்டிப்பார்த்தாள். உள்ளே ஒரு பிள்ளை அழவில்லை. டிபன் டப்பா மூடிகளையெல்லாம் கழற்றி, சிவப்பெல்லாம் இந்த வரிசை, நீலமெல்லாம் அந்த வரிசை என்று சீட்டுகளுக்கு நடுவில் அடுக்கி, எண்ணிக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து வீட்டுக் குட்டி லக்சிகா ஒருத்திதான் கோபமாக இருந்தாள். அவள் மூடி ஊதா. ஊதாவுக்குத் துணை இல்லை.

"ஊதாதான் இன்னைக்கு லீடர்," என்று நாகஜோதி அவள் கையில் மூடியைக் கொடுத்து முன்சீட்டில் உட்காரவைத்ததும் அந்தக் கோபமும் தீர்ந்தது.

ஆமிரா டீச்சர் அப்புறம் கூப்பிட்டு விசாரித்தாள். பேச்செல்லாம் இங்கிலீஷில். இதை எங்கே கற்றாய் என்று கேட்டாள். நாகஜோதி சொன்னாள். செப்டம்பரில் கேஜி வகுப்பில் உதவி டீச்சர் வேலை ஒன்று காலியாகிறது, ஆனால் டிகிரி முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் டிகிரியில் மூன்றாம் வருஷத்திலாவது சேர்ந்திருக்க வேண்டும், அது பள்ளிக்கூடத்துச் சட்டம், நான் மீற முடியாது என்றாள். உன் இரண்டு வருஷத்தை ஒத்துக்கொள்ளும் காலேஜ் ஒன்றைப் பார், இடத்தை ஜூன் கடைசி வரைக்கும் பிடித்துவைக்கிறேன் என்றும் சொன்னாள்.

ஷார்ஜா எல்லையில் ஒரு தனியார் காலேஜ், சனி ஞாயிறு வகுப்பு நடத்துவது. நாகஜோதி அங்கே போய்ச் சர்டிபிகேட்டும் மார்க் ஷீட்டும் நீட்டினாள். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. முத்திரைகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மார்க் ஷீட்டில் விரலை வைத்துக் கேட்டாள், இது என்ன?

தாள் ஒன்று, எழுபத்திரண்டு. தாள் இரண்டு, எண்பத்தொன்று. இருபது தாள். எல்லாவற்றுக்கும் மார்க் இருந்தது. அந்தத் தாளில் என்ன பாடம் நடத்தினார்கள், எத்தனை மணி நேரம் நடத்தினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அது தெரியாமல் எங்கள் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. படித்த காலேஜின் சிலபஸ், ஒவ்வொரு பக்கத்திலும் சீலோடு, இருபத்தொரு நாளில் வந்தால் மூன்றாம் வருஷம். வராவிட்டால் முதல் வருஷம்.

"முதல் வருஷம்னா நாலு வருஷம் அத்த. அந்த வேல யாருக்காச்சும் போயிரும்," என்றாள் நாகஜோதி. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் எதனால் கலங்குகிறது என்று சரசு கேட்கவில்லை.

"எழுதிப் போட்டு வாங்க வேண்டியதுதானத்தா?"

"காலேஜே இல்ல. மூடி எட்டு வருஷமாச்சு. அந்தக் கட்டடம் இப்பக் கல்யாண மண்டபம். நடத்துன டிரஸ்ட்டுக்குப் போன் போட்டேன். அவங்ககிட்ட ஒரு பேப்பரும் இல்லையாம்."

சரசு கரண்டியை வைத்தாள். பேப்பர் விஷயம் அவளுக்குத் தெரியாது. ஆள் விஷயம் தெரியும். "பேப்பர் கெடக்கட்டும். அந்த ஆபீஸ்ல பேப்பர வச்சிருந்த மனுசன் யாரு?"

"சேது சார்னு ஒருத்தர். கிளார்க். இப்ப எங்கயோ வெளிநாட்டுல இருக்காருன்னாங்க."

"சேதுன்னா? நம்ம பக்கம் தடுக்கி விழுந்தா சேது மேலதான் விழணும்."

நாகஜோதி யோசித்தாள். "சேதுராமன். தாத்தா பேர வச்சிருக்குன்னு பெருமையாச் சொல்லுவாரு. தாத்தா மாட்டு வைத்தியராம்."

சரசு முகம் மலர்ந்தது பாருங்கள், அடுப்பில் பால் பொங்கின மாதிரி. "மாட்டு வைத்தியர் சேதுராமன் பேரனா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அந்தப் பையன் நம்ம வகையறாவுல பொண்ணு கட்டிருக்கு. ராஸ் அல் கைமாவுல டைல்ஸ் கம்பெனியில இருக்கு."

"கிளார்க்கா இருந்தவரு டைல்ஸ் கம்பெனிக்கு எதுக்கத்த வந்தாரு?"

"காலேஜ மூடிட்டா மனுசன் எங்க போவாரு? வயித்துக்குக் கிளார்க்குன்னு தெரியுமா?"

அன்றைக்கே சரசு போனை எடுத்துப் பேசி அனுப்ப ஆரம்பித்தாள். எழுதி அனுப்பத் தெரியாவிட்டாலும் பேசி அனுப்பத் தெரியும். பெரியம்மா மகளுக்கு ஒன்று, அவள் நாத்தனாருக்கு ஒன்று, அங்கேயிருந்து சேதுராமன் பொண்டாட்டிக்கு ஒன்று. சாயந்தரம் நம்பர் வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம வாங்க மதினி, மத்தியானச் சாப்பாடு நம்ம கூடத்தான்," என்று சேதுராமனே பேசி அனுப்பியிருந்தார். எதற்கு வருகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. உறவு முறையில் முதல் தரம் போகும்போது காரியத்தைப் போனில் சொல்வது மரியாதை ஆகாது.

பஸ்ஸில் போகும்போது நாகஜோதிக்குப் புத்தி சொன்னாள். "போன ஒடனே சிலபஸ்ஸு கிலபஸ்ஸுன்னு ஆரம்பிச்சிராத. சாப்பிட்டுக் கை கழுவுற வரைக்கும் ஒன் வாயத் தொறக்கப்படாது. காரியத்துக்காகத்தான் வந்தாகன்னு நெனச்சிட்டா மனசு விட்டுப்போகும்."

டைல்ஸ் கம்பெனி கேம்ப்புக்குள் பெண்களை விடமாட்டார்கள். அதனால் சேதுராமன், தான் வழக்கமாகச் சாப்பிடும் தொண்டி ஜுலைஹா பீவி வீட்டு மெஸ்ஸில் ஏற்பாடு செய்திருந்தார். மெஸ் என்றால் வீட்டு ஹால்தான். வாசலில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சாயம் வைத்த மீசை, முன்னால் நல்ல தொந்தி என்று நின்றார். "வாங்க மதினி."

நாகஜோதி சரசுவின் கையைக் கிள்ளினாள். "அத்த, இவரு..."

"வாய மூடுன்னேன்ல."

உட்கார்ந்தார்கள். சோறு வந்தது. நெய்மீன் குழம்பு, பொரித்த மீன், முட்டை, அப்புறம் பீவி தன் பங்குக்கு ஒரு தால்ச்சா. சேதுராமனும் சரசுவும் பேசினார்கள் பேசினார்கள், ஒரு மணி நேரம். யார் செத்தது, யார் பெற்றது, எந்தக் கல்யாணத்தில் பந்தி தாமதமானது. நாகஜோதி இரண்டு தரம் இருமினாள். ஒரு தரம் சரசு காலை மிதித்தாள். சரசு அவளுக்கு இன்னொரு மீன் துண்டு வைக்கச் சொன்னாள்.

கை கழுவி, சுலைமானி டீ வந்த பிறகு சரசு தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "தம்பி, இது நம்ம கார்மேகம் அண்ணன் மக. ஒங்ககிட்ட படிச்ச பிள்ள."

சேதுராமன் நாகஜோதியைப் பார்த்தார். சுலைமானியைப் பார்த்தார். "எங்கிட்டயா? எங்கிட்ட ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் படிச்சவனுக நாலு நேபாளி இருக்கான். பொம்பளப் பிள்ள யாரும் இல்லையே மதினி."

"வெளயாடாதீக தம்பி. காலேஜ் ஆபீஸ்ல..."

"காலேஜா? நான் எட்டாங்கிளாஸ்ல வாத்தியார் உள்ள வரும்போது சன்னல் வழியா வெளிய போனவன். இன்னும் திரும்பிப் போகல."

சரசு நாகஜோதி பக்கம் திரும்பினாள். நாகஜோதி தலை குனிந்துகொண்டாள். "இவரு அவரு இல்ல அத்த. வாசல்லயே சொல்ல வந்தேன். நீங்கதான் கை கழுவுற வரைக்கும்னீங்க."

ஜுலைஹா பீவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நாலு துண்டு மீனு உள்ள போற வரைக்கும் சொல்லாம இருந்திருக்கியேம்மா. கெட்டிக்காரப் பிள்ளதான்."

சரசுவுக்கு அவமானமாகப் போய்விட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன உறவு ஒன்றும் தப்பியதில்லை. "மாட்டு வைத்தியர் பேரன் சேதுராமன் நீங்கதான?"

"நான்தான். ஆனா நான் மட்டும்தான்னு யாரு சொன்னா?" சேதுராமன் மீசையைத் தடவினார். "தாத்தாவுக்கு ரெண்டு மகன். ரெண்டு பேரும் தலச்சன் பிள்ளைக்குத் தகப்பன் பேர வச்சாக. நான் பெரிய சேது. எங்க சித்தப்பா மகன் சின்ன சேது. அவன்தான் படிச்சவன், அவன்தான் கிளார்க்கு."

சரசு நெற்றியில் தட்டிக்கொண்டாள். இரண்டு மகன்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே பேரைத்தான் வைப்பார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. தன் வீட்டிலேயே ஒரு பேரில் மூன்று பேர் இருந்தார்களே. குடும்பத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டாள்.

நாகஜோதி சிலபஸ் கதையை முழுசாகச் சொல்லிவிட்டு, "அவரு இப்ப எங்க இருக்காரு?" என்றாள்.

"அல் ஐன்ல. ஒரு கடையில கணக்கெழுதுறான்னு கேள்வி."

"கேள்வியா? தம்பி மொற, போன் நம்பர் இல்லையா?"

பெரிய சேதுவின் முகம் கொஞ்சம் இறங்கியது. "பேசி ஒம்பது வருசமாச்சு மதினி."

காரணம் இதுதான். பெரிய சேது தன் மகளுக்குக் காது குத்து வைத்தார். பத்திரிகையில் தாய்மாமன்கள், சித்தப்பாக்கள் பேரெல்லாம் வரிசையாக எழுதி அச்சாபீஸில் கொடுத்தார். அழைப்பவர் சேதுராமன். கீழே சித்தப்பா சேதுராமன். அச்சாபீஸ்காரன் ஒரே பேர் இரண்டு தரம் தவறுதலாக வந்துவிட்டது என்று நினைத்து, கீழே இருந்ததை எடுத்துவிட்டான். பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகுதான் பார்த்தார்கள். எல்லாச் சித்தப்பாவும் இருக்க, கூடப்பிறந்த மாதிரி வளர்ந்தவன் பேர் மட்டும் இல்லை. சின்ன சேது காது குத்துக்கு வரவில்லை. வராதவனிடம் பெரிய சேது பேசவில்லை.

"தப்பு அச்சாபீஸ்காரன் மேல. நான் எறங்கிப் போயி எதுக்குப் பேசணும்?" என்றார்.

நாகஜோதி எழுந்துவிட்டாள். "பரவாயில்லண்ணே. எனக்காகச் சங்கடப்பட வேணாம். வேற வழி பாத்துக்கறேன்."

வேறு வழி இல்லை என்பது அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும். பதினொரு நாள் போய்விட்டது. பத்து நாள்தான் பாக்கி.

ஜுலைஹா பீவி டம்ளர்களை எடுத்தாள். "ஏன் சேது, தேடி வந்த பிள்ளைய மீனோட அனுப்பிச்சா முடிஞ்சு போச்சா?"

பெரிய சேது போனைக் கையில் எடுத்தார். ஊரில் யாருக்கோ பேசி நம்பர் வாங்கினார். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி போடுறேன். அவன் என்ன பேசுறான்னு நீங்களே கேளுங்க மதினி. நாளைக்கு என்னைய யாரும் கொற சொல்லப்படாது."

மணி அடித்தது. "ஹலோ, யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"சேது."

"சேது நான்தான."

"பெரிய சேது."

அந்தப் பக்கம் குரல் மாறிப்போனது. "யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?"

"எல்லாரும் நல்லா இருக்காக. ஒரு பிள்ள வந்திருக்கு. ஒங்க காலேஜ் பிள்ள."

"அதுக்கு?"

"அதுக்கு ஒன்னையத்தான் தேடி வந்துச்சு. எங்கிட்ட வந்து சேந்திருச்சு. ரெண்டு சேதுராமன் இருக்கோம்னு அதுகளுக்குத் தெரியல."

அந்தப் பக்கம் வந்த சத்தம் இருமலா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. "அச்சாபீஸ்காரனுக்குச் சொந்தக்காரங்களா?"

பெரிய சேது வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சரசு இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய அவமானம் அந்த இடத்திலேயே கரைந்துபோனது.

நாகஜோதி போனை வாங்கினாள். "வணக்கம் சார். நான் நாகஜோதி. ரெண்டாவது பேட்ச்."

"நாகஜோதி. மஞ்சச் சைக்கிள். ஆண்டு விழாவுல புளியங்கொட்டைய வச்சுக் கணக்குச் சொல்லிக் குடுத்துப் பரிசு வாங்குன பிள்ள. என்னம்மா வேணும்?"

சொன்னாள். டிரஸ்ட்டில் ஒரு பேப்பரும் இல்லை என்று சொன்னதையும் சொன்னாள்.

"இல்லாம எங்க போகும்? அவங்களுக்கு எங்க இருக்குன்னு தெரியாது, அவ்வளவுதான். டிரஸ்ட்டுக்குப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குல்ல, அதுல லேபுக்குப் பின்னால சின்ன ரூம். மூணாவது பீரோ, மேல் தட்டு, பச்சத் துணியில சுத்தியிருக்கும். மூடுன அன்னைக்கு எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. நான் ஒருத்தன்தான் பேப்பர் அடுக்குனேன். ஒருநாள் ஒரு பிள்ளையாச்சும் கேட்டு வரும்னு எனக்குத் தெரியும். எட்டு வருசமா யாரும் வரல. நீதாம்மா மொத ஆளு."

சின்ன சேது சொன்னதைச் செய்கிற மனுஷன். அன்றைக்கே ஊருக்குப் பேசினார். மூன்றாவது பீரோ திறக்கவில்லை, பூட்டை உடைத்தார்கள். பச்சைத் துணி இருந்தது. காலேஜ் மூடிவிட்டது, அதன் பதிவேடுகள் எங்களிடம் இருக்கின்றன என்று டிரஸ்ட் செயலாளர் ஒரு கடிதம் எழுதி, நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுச் சீல் குத்தினார். அவருக்கு எழுபத்தைந்து வயசு. இரண்டு நாள் குத்தினார்.

தபாலை நம்பி இருக்க முடியாது. பெரிய சேதுவின் கேம்ப்பில் முனியசாமி என்று ஒருத்தர் லீவு முடிந்து திரும்பும் நேரம். கட்டு அவர் கைப்பையில் ஏறியது. முனியசாமி பொறுப்பானவர், கட்டைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். ஆனால் அதே கைப்பையில் அவர் அம்மா ஆறு பேருக்குக் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தாள். இருபதாம் நாள் காலையில் கட்டு நாகஜோதி கைக்கு வந்தபோது, நெத்திலியும் சீலாவும் சேர்ந்து மணத்தன.

"வெயில்ல வைப்போமா அத்த?"

"வெயில்ல வச்சா இன்னும் தூக்கும். ஏலக்காயப் போட்டு மடிச்சு வையி."

ஒரு ராத்திரி ஏலக்காயோடு இருந்தது. மறுநாள் டூட்டி முடிந்து காலேஜ் கவுண்டரில் கொண்டுபோய் வைத்தாள். சரசுவும் கூடப் போயிருந்தாள், சமையலை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு. கவுண்டர்ப் பெண் கட்டைப் பிரித்தாள். மூக்கைச் சுருக்கினாள். குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து நாகஜோதியைப் பார்த்தாள்.

"ஃபிஷ்," என்றாள் நாகஜோதி, ஒளிக்காமல்.

அந்தப் பெண் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தாள் ஒன்று, குழந்தை வளர்ச்சி, அறுபது மணி நேரம். தாள் இரண்டு, விளையாட்டு வழிக் கற்றல், தொண்ணூறு மணி நேரம். ஒரு பக்கத்திலும் சீல் இல்லாமல் இல்லை. நான் இங்கே வந்த பிறகு இவ்வளவு ஒழுங்கான கட்டைப் பார்த்ததில்லை, வாசனை ஒன்றுதான் அதிகம் என்று சொல்லி ரசீது கொடுத்தாள்.

ஒரு வாரம் பதில் இல்லை. அந்த ஒரு வாரமும் சரசு சமைத்ததில் உப்பு ஒருநாள் கூடுதல், ஒருநாள் குறைவு. கேம்ப்பில் யாரும் குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் விஷயம் தெரியும். அல் ஐனிலிருந்து சின்ன சேதுவும் ராஸ் அல் கைமாவிலிருந்து பெரிய சேதுவும் தினம் போன் போட்டுக் கேட்டார்கள். சரசு ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. நாலாம் நாள் அலுத்துப்போய், "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்கப்பா, எனக்கு அடுப்புல வேல இருக்கு," என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பதில் வந்த நேரம், நாகஜோதி பஸ்ஸில் பித்தானை அமுக்கக் கடைசி சீட்டு வரைக்கும் நடந்துகொண்டிருந்தாள். மணி அலறிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். இருபது தாளில் பதினேழு ஏற்கப்பட்டது. இங்கிலீஷ், கம்ப்யூட்டர், இன்னும் ஒன்று என்று மூன்று பாடம் மட்டும் கூடச் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்றாம் வருஷத்தில் இடம் தரப்படுகிறது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மணி அலறிக்கொண்டே இருந்தது.

"ஏய் ஜோதி, அமுக்கு, காது போகுது," என்று டிரைவர் முன்னாலிருந்து கத்தினார்.

அமுக்கினாள். பிறகு அதே பச்சைச் சட்டையோடு, கையில் ஒரு பிள்ளையின் தொப்பியோடு, ஆமிரா டீச்சர் அறைக்குப் போய்ப் போனைக் காட்டினாள். ஆமிரா டீச்சர் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அந்தத் தொப்பியை வாங்கி, இதை இனி நீயே வகுப்புக்குள் கொண்டுபோய்க் கொடு என்றாள்.

அன்றைக்குக் கேம்ப்பில் பாயசம். யாரும் கேட்காமலே சரசு முந்திரி வறுத்தாள்.

சின்ன சேது மகளுக்கு இந்த வருஷம் தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையைச் சரசுவுக்கும் அனுப்பியிருந்தார்கள். அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுசும் படித்தாள். அழைப்பவர் சேதுராமன் (சின்ன), பெண்ணின் பெரியப்பா சேதுராமன் (பெரிய). அச்சாபீஸில் பெரிய சேது தானே போய் உட்கார்ந்து, அச்சாகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லையாம். அதற்காகவே லீவு போட்டுப் போனாராம்.

நாகஜோதிக்குக் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, பரீட்சை. சனி ஞாயிறு முழுக்கக் காலேஜ், மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம். கம்ப்யூட்டர் பாடத்தில் ஒரு தரம் தவறி, மறு தரம் எழுதித் தேறினாள். தேறிய அன்றைக்கு ஊரில் மகளுக்குப் போன் போட்டு, "ஒங்கம்மா நானும் ஃபெயிலாயித்தான் பாஸானேன், பயப்படாமப் பரீட்ச எழுது," என்று சொன்னதைச் சரசு பக்கத்திலிருந்து கேட்டாள்.

இப்போது நாகஜோதி நாலாம் வருஷம் படிக்கிறாள். அஜ்மானில் அதே பள்ளிக்கூடத்தில், கேஜி ஒன்று பி பிரிவில், உதவி டீச்சராக இருக்கிறாள்.